படத்துக்குக் கீழே மூன்றாவது வரி

"ஏனுங்க... களத்துல செருப்போட ஏறி நிக்கிறீங்களே. காலுக்குக் கீழ என்ன கெடக்குதுன்னு தெரியுதுங்களா?"

சௌமியா திரும்பவில்லை. திரும்பினால் முந்தானை கலைந்துவிடும். அந்த முந்தானையை அந்த மடிப்பில் நிறுத்த அவள் பட்ட பாட்டுக்கு, மலையைக் குடைந்து சேலத்துக்கு நேர்வழியே போட்டிருக்கலாம். எதிரே ட்ரைபாடில் நின்ற கைப்பேசி தானாகவே படம் மேல் படமாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல் ஒரு குடையைக் கட்டி வைத்திருந்தாள். ஏற்காட்டில் பிறந்த பெண் வானத்தை ஒருநாளும் நம்ப மாட்டாள்.

"தெரியுதுங்க. காப்பிப் பழம். இந்த மஞ்சச் சேலைக்கு அந்தச் செவப்பு அப்படியே தூக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நெழலு விழுது."

"நெழலு கெடக்கட்டுங்க. நீங்க எட்டு வைக்கிறப்பல்லாம் என்ற காப்பி நசுங்குது."

இப்போது திரும்பினாள்.

அந்தச் செருப்பின் குதிகாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பனி இல்லாத நாளில் அதன்மேல் ஏறி நின்றால், சேலம் ஜங்ஷனில் எந்த ரயில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். அவ்வளவு உயரம். அப்படியிருந்தும் அவனை அவள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. நீளக் கம்பில் பலகை அடித்து, காயும் காப்பியைக் கிளறிவிடும் தள்ளுபலகையை ஈட்டி மாதிரி ஊன்றிக்கொண்டு நின்றான். மழைக்குக் கொஞ்சம் முன்னால் மலை ஒரு கறுப்புக் கறுக்குமே... அந்தக் கறுப்புக் கண்கள். கோபத்தில் இன்னும் கறுத்திருந்தன.

ஆனால் உண்மையைச் சொன்னால், அவள் பார்வை முதலில் போய் விழுந்தது கண்ணில் இல்லை, ஸ்வெட்டரில். தொழில் புத்தி. பழுப்பு ஸ்வெட்டர், முழங்கையில் இலைப்பச்சை ஒட்டு, தோளில் மயில்நீல ஒட்டு, கழுத்தோரம் மிளகாய்ச் சிவப்பில் ஒரு வரி. மும்பையில் பத்துப் பேர் கூடிப் பத்து மாதம் யோசித்தாலும் இப்படி ஒரு கலர் சேர்க்கை வராது.

"இந்த ஸ்வெட்டர் எங்க வாங்குனதுங்க?" என்று கேட்டுவிட்டாள்.

ஊன்றிய பலகை அவன் கையில் சாய்ந்தது. திட்ட வந்தவனிடம் யாரும் விலாசம் கேட்டதில்லை போலும்.

சௌமியா ஏற்காடு ஏரிக்கரையில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் கோவிந்தராஜின் மகள். கீழே அடிக்கும் வெயிலை நம்பி அரைக்கைச் சட்டையோடு மலையேறி வந்து நடுங்குபவர்கள்தான் கோவிந்தராஜுக்குத் தெய்வங்கள். மகளுக்கோ வேறு தெய்வம். மலைக் குளிரில் சேலை கட்டும் பெண்களுக்காக 'முந்தானையும் ஸ்வெட்டரும்' என்று இணையத்தில் ஒரு வலைப்பூ நடத்தினாள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டால் முந்தானை உள்ளேயா, வெளியேயா என்று அவள் எழுதிய கட்டுரையில் சேர்வராயன் மலையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. உள்ளே கட்சி மாமியாரும் வெளியே கட்சி மருமகளும் ஒரே அடுப்பில் பேசாமல் சமைத்தார்கள். பஸ் கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்கும் முன் நீங்க எந்தக் கட்சி என்று கேட்டதாகப் பேச்சு.

பெயர் வந்துவிட்டது. தொழிலாகத்தான் இன்னும் நிற்கவில்லை. நிறுத்தியே தீருவது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் புதுக் கட்டுரை வந்தாக வேண்டும். காய்ச்சலோடு எழுதியிருக்கிறாள். கரண்ட் போன நாளில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சார்ஜ் போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறாள். சிக்னல் கிடைக்காத புயல் நாளில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று அனுப்பியிருக்கிறாள். தானே உடுத்தித் துவைத்துப் பார்க்காத துணியைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டாள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மூன்று வரி கட்டாயம்: என்ன உடுப்பு, எங்கே வாங்கியது, உடுத்தியிருப்பது யார். படத்தில் இருப்பவர் சரி என்று சொல்லாமல் எந்தப் படமும் ஏறாது.

"பொங்கலுக்குள்ள இது ஒரு பொழப்புன்னு காட்டு சாமி. இல்லாட்டி சேலத்துல பேங்க் பரீட்சைக் கோச்சிங்தான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் சேலத்து சீரகவல்லி ஜவுளிக்கடை முதலாளி விஜயகுமார், ஒரு மஞ்சள் கைத்தறிச் சேலையைக் கொடுத்தனுப்பினார். வியாழக்கிழமைக் கட்டுரை மனதுக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க அவருடைய கடைக்கு அவள்தான் எழுதுவாள்.

அந்தச் சேலைதான் இப்போது தலைச்சோலைக் கிராமத்தில், திட்ட வந்த அந்தச் சென்றாயனுடைய களத்தில், காப்பிப் பழத்தை மிதித்துக்கொண்டு நின்றது.

"எங்கம்மா பின்னுனதுங்க. அது இருக்கட்டும். மொதல்ல கீழ எறங்குங்க. எங்க ஊட்டுல சின்னப் புள்ளைங்ககூடக் களத்துல செருப்பு போடாதுங்க."

சௌமியாவின் முகம் சிவந்தது. களத்தில் செருப்போடு ஏறக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். கலரைப் பார்த்த கண்ணுக்குக் காலைப் பார்க்கத் தெரியவில்லை. "தப்புதாங்க. கேக்காம ஏறுனதும் தப்புத்தான்..." என்று குனிந்து வாரை அவிழ்த்தாள்.

அப்போது மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

ஏற்காட்டு மழை கதவைத் தட்டிவிட்டு வரும் ஜாதி இல்லை. ஒரு சொட்டு... அடுத்து அண்டாவோடு கவிழ்த்துவிடும். சென்றாயன் தள்ளுபலகையைப் போட்டுவிட்டு ஓடினான். அரைகுறையாகக் காய்ந்த காப்பி நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு வருஷப் பாடு போச்சு. ஆட்கள் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். யானைக்குக் கோட்டு தைக்கும் அகலத்தில் ஒரு தார்ப்பாயை அவன் தனியாளாக இழுத்தான். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை காற்றில் பறந்தது.

பறந்த முனையை ஒரு கை எட்டிப் பிடித்தது. வெறுங்காலோடு, புதுச் சேலையோடு, சௌமியா.

"சேலை வீணாப்போயிருங்க, விடுங்க."

"காப்பி வீணாப்போயிருங்க, இழுங்க."

இழுத்தார்கள். வழுக்கினாள். எழுந்தாள். மறுபடி இழுத்தாள். முந்தானை உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை... கொடி மாதிரி மலைக்காற்றில் பறந்தது. கடைசி முனையில் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இருவரும் நனைந்த கோழிக்குஞ்சுகளாக நின்றார்கள். அவள் மூக்கு நுனியில் ஒரு காப்பித் தோல் ஒட்டியிருந்தது. அவன் பார்த்தான். அவளும் பார்த்தாள். முதலில் யார் சிரித்தது என்பதில் இன்றுவரை இருவருக்கும் வழக்கு தீரவில்லை.

களத்தோரக் கொட்டகையில் ஒதுங்கியதும் அவள் பற்கள் தந்தியடித்தன. அவன் ஸ்வெட்டரைக் கழற்றி, உள்ளே கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்வெட்டரைப் பிழிந்து, அடுப்புக் கணப்பில் காட்டி நீட்டினான். "பாதி காஞ்சிருச்சு. மீதி நீங்க போட்டாக் காஞ்சிரும்."

அப்போதுதான் குடைக்குக் கீழே பத்திரமாக நின்ற கைப்பேசி அவன் கண்ணில் பட்டது. முகம் மாறியது.

"அது இத்தன நேரமும் எடுத்துக்கிட்டா இருந்துச்சு?"

"ஆமாங்க... தானா எடுக்கும்..."

"என்ற படத்தை எங்கயும் போட்டுராதீங்க." குரல் தாழ்ந்தது. "போன வருசம் ஒரு டூரிஸ்ட்டு எங்கம்மாவ இதே களத்துல கேக்காம வீடியோ எடுத்தான். ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர் போட்ட ஏழைப் பாட்டின்னு அழுகைப் பாட்டெல்லாம் வச்சுப் போட்டுட்டான். அம்மா ஏழையும் இல்லை, பாட்டியும் இல்லை. அன்னில இருந்து ஞாயித்துக்கிழமைச் சந்தைக்கே வர்றதில்லை."

சௌமியா அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க சரின்னு சொல்லாம உங்க நகத்தைக்கூடப் போட மாட்டேங்க."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் அந்த ஸ்வெட்டரிலிருந்து அடுப்புப் புகையும் காப்பியும் கலந்த ஒரு வாசனை வந்தது. ஜன்னலைத் திறக்கவே இல்லை அவள். பின் சீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறியது. அவளுக்குக் கவலை இல்லை.

தப்பு நடந்தது அன்று வீட்டில்தான். விரல் விறைக்கும் குளிரில், நல்ல படங்களை மட்டும் பொறுக்கி விஜயகுமாருக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டு மொத்தத்தையும் அனுப்பிவிட்டாள். சேலையில் கறை பட்டதையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். மறுநாள் காலையில் அழைப்பு வந்தது.

"கறை கெடக்குது கண்ணு. அந்த மழைப் படம் இருக்குதே, தார்ப்பாய இழுத்துக்கிட்டு, சேலை பறக்கறது... அடடா. கூட இருக்கற பையன் யாரு?"

"அது போடறதுக்கு இல்லீங்க சார். தவறி வந்திருச்சு. அழிச்சுருங்க. அவரு சம்மதிக்கலை."

"அழிச்சுரலாம். ஆனா ஒண்ணு, அந்தப் படம் இருந்தா வருசக் காண்ட்ராக்ட். இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்கறேன். வியாழக்கெழமைக்குள்ள சம்மதம் வாங்கு கண்ணு, ஒரு வார்த்தைதானே."

ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையைக் கேட்பதற்குப் புதன்கிழமை மறுபடி தலைச்சோலைக்குப் போனாள். துவைத்து மடித்த ஸ்வெட்டர் கையில். இந்த முறை களத்துக்கு வெகுதூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். எவ்வளவு தூரம் என்றால், அங்கிருந்து கூப்பிட்டால் பக்கத்து ஊர் மாரமங்கலத்துக்காரர்தான் என்ன என்று கேட்பார்.

சென்றாயன் அவளைப் பார்த்ததும் கிளறிக்கொண்டிருந்த கை நின்றது. காலையிலேயே அவன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான். ஏன் என்று அவனுக்கே தெரியாது. நேற்றும் வாரியிருந்தான். முந்தாநாளும்...

"ஸ்வெட்டர் குடுக்கவா வந்தீங்க?"

"ஆமாங்க... அப்பறம்..." அவள் எத்தனையோ சொல்ல நினைத்தாள். வாசனை போய்விடும் என்று துவைக்கவே மனம் வரவில்லை என்று சொல்ல நினைத்தாள். நாக்கு தொழிலை முன்னால் தள்ளிவிட்டது. "அந்த மழைப் படம் ஒண்ணு... கடைக்காரரு கேக்கறாருங்க. அது இருந்தாத்தான் வருசக் காண்ட்ராக்டுங்க. நீங்க சரின்னு சொன்னா..."

கறுப்புக் கண்களில் ஏதோ ஒன்று அணைந்தது.

"ஓ. படத்துக்காவ வந்தீங்களா." ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டான். "நானு வேறென்னமோ நெனச்சுட்டேன். சரி வராதுங்க."

"வேறென்ன நெனச்சீங்க?"

"அதெல்லாம் உங்க வலைப்பூவுக்கு ஆகாதுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க."

வேறொருத்தியாக இருந்தால் கெஞ்சியிருப்பாள். சௌமியா முதுகை நேராக நிமிர்த்தினாள். "இல்லைன்னா இல்லைதாங்க. மறுபடி கேக்க மாட்டேன்." நடந்தாள். கண் நிறைந்துவிட்டதால் முதலில் எடுத்துப் போட்டது யாருடையதோ ரப்பர் செருப்பு. திரும்பி வந்து மாற்றிக்கொண்டாள். அவமானத்திலும் அவமானம் அது.

பஸ் ஏறும் முன்பே விஜயகுமாரைக் கூப்பிட்டாள். "அந்தப் படம் இல்லீங்க சார். சேலையைப் பத்தி நாளைக்கு எழுதுவேன். காண்ட்ராக்ட் உங்க இஷ்டம்."

அன்று ராத்திரி அப்பா கோச்சிங் சென்டர் விளம்பரத் தாளைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சௌமியா அதை மடித்து ஆடும் மேசைக்காலுக்குக் கீழே முட்டுக்கொடுத்தாள். மேசை நின்றது. எழுத உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை, ஆறு மணி அடிக்கக் கட்டுரை வெளியானது. படம் ஒன்றே ஒன்று: ஓரத்தில் பழுப்புக் கறையோடு கொடியில் காயும் மஞ்சள் சேலை. கீழே எழுதியிருந்தாள்: 'இந்தச் சேலை கொட்டும் மழையில் நனைந்தது. காப்பிப் பழத்தில் புரண்டது. சேற்றில் விழுந்தது. துவைத்தேன். சாயம் ஒரு துளி போகவில்லை. காப்பிக் கறையும் போகவில்லை. இதைவிட நல்ல படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. என் வாழ்க்கையிலேயே நல்ல படம். அதில் இருப்பவர் வேண்டாம் என்றார். அதனால் நீங்கள் பார்க்க மாட்டீர்கள். அந்தக் களத்தில் நான் கேட்காமல் ஏறினேன். அவர் காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று கேட்டுத்தான் என்னை இறக்கிவிட்டார்.'

அனுப்பிவிட்டு, கடையில் ஸ்வெட்டர் மூட்டைகளுக்கு நடுவே மடிக்கணினியை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே பனி இட்லி மாவு மாதிரி கெட்டியாக இறங்கிக்கொண்டிருந்தது. கரண்டி வைத்தால் நிற்கும்.

அந்த மாவைக் கிழித்துக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது.

முதலில் இறங்கியது ஓர் அம்மா. நல்ல அரக்குச் சேலை. மேலே ஸ்வெட்டர் ஒன்று. சாதாரண ஸ்வெட்டரா அது? வானவில்லைப் பிடித்து வந்து நூற்றுப் பின்னிய மாதிரி. கோவிந்தராஜ் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார்.

"அந்தப் பொண்ணு யாரு சாமி? நீதானா?" என்றார் அந்த அம்மா. "நாந்தான் ராசாத்தி. இவன் அம்மா. நானு வெளிய கட்சி, தெரிஞ்சுக்க. நீ முந்தானை பத்தி எழுதுனதுல இருந்து ஒரு வாரங்கூட விடாமப் படிக்கறேன். இன்னிக்குப் படிச்சேன். அந்தக் களம் யாருதுன்னு பேரு போடலை. ஊரு போடலை. ஆனா கெளறுற கம்பைக் கீழ போட்டுட்டு இவன் மூணு நாளாத் திருதிருன்னு முழிச்சதுல எனக்குப் புரிஞ்சு போச்சு."

பின்னால் சென்றாயன் நின்றான். அந்தப் பழுப்பு ஸ்வெட்டர். தலையில் எண்ணெய். பார்வை தரையில்.

"ஒண்ணு கேக்கறேன் கண்ணு," என்றார் ராசாத்தி. "ஞாயித்துக்கெழமை நான் சந்தைக்குப் போறேன். இதே ஸ்வெட்டரோட. நீ வந்து படம் எடுக்கறயா? கீழ என்ற பேரு பெருசாப் போடு. பாட்டின்னு மட்டும் போட்டே..."

"போட மாட்டேங்கம்மா," என்றாள் சௌமியா.

கைப்பேசி அடித்தது. விஜயகுமார். "என்ன கண்ணு இப்படி எழுதிப்புட்ட. கறை போகலைன்னு எழுதியிருக்கற." சௌமியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "கறை போகலைன்னு சொன்னவ, சாயம் போகலைன்னு சொன்னா அது நெசமாத்தான் இருக்கும்னு கடைக்கு அத்தன பேரு போன் போடறாங்க. பொங்கல் வரைக்கும் போனை எடுத்தே என்ற காது அவிஞ்சு போயிரும். படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வருசம் முச்சூடும் நீயே எழுது."

கோவிந்தராஜ் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போய், ஆடும் மேசைக்குக் கீழே மடித்து வைத்திருந்த கோச்சிங் தாளைப் பார்த்தார். அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ராசாத்தியின் ஸ்வெட்டர் ஓரத்தைப் பற்றி விசாரிக்க ஓடினார். "ஏனுங்க, இந்தப் பின்னலு எங்க கடைக்கு ஒண்ணு கெடைக்குங்களா?"

"விக்கறதுக்குப் பின்றதில்லீங்க. எங்க ஊட்டு ஆளுங்களுக்குத்தான் பின்றது."

மடிக்கணினியருகே இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"காண்ட்ராக்ட் வரும்னு தெரிஞ்சு வரலீங்க," என்றான் சென்றாயன் மெதுவாக. "ஜீப்பு கெளம்புனப்ப அது போயிருச்சுன்னுதான் நெனச்சேன்... அதுக்கு நாந்தான் காரணம்னு நெனச்சேன்."

"அன்னிக்கு வேறென்னமோ நெனச்சேன்னு சொன்னீங்களே. அது என்னங்க?"

அவன் காது மடல் மிளகாய் நிறமானது. "அந்தப் படத்தைப் போடுங்க. சம்மதம்."

"அதுக்கு இது பதில் இல்லீங்களே."

"போடுங்க... பதிலு வரும்."

அவள் படத்தைத் திறந்தாள். மழை. தார்ப்பாய். கொடியாகப் பறக்கும் மஞ்சள் முந்தானை. இரண்டு பேர், உலகத்தில் வேறு யாருமே இல்லாத மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு. கீழே தட்டினாள்.

என்ன: ஸ்வெட்டர். பழுப்பு, முழங்கையில் இலைப்பச்சை.

எங்கே: தலைச்சோலை, ராசாத்தி அம்மாவின் கைப்பின்னல். விற்பனைக்கு இல்லை.

யார்:

அங்கே நின்றாள். அந்தச் சின்னக் கோடு மினுக்... மினுக்... என்று துடித்துக்கொண்டிருந்தது. அவள் நெஞ்சும்.

"என்னன்னு போடட்டுங்க?"

"நான் அடிக்கட்டுங்களா?"

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒற்றை விரல். லோடு ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவில் ஏறும் வேகம். ஒவ்வொரு எழுத்துக்கும் அவளுக்கு ஒரு வயது கூடியது. கடைசியில் திருப்பிக் காட்டினான்.

'சரின்னு சொன்னா, சௌமியாவோட சென்றாயன். சொல்லாட்டி, வெறும் சென்றாயன்.'

சௌமியாவின் தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. சென்றாயனுக்கு உயிர் போய் அடிவாரத்தில் நின்றது. அவள் முதலில் பின்பாதியை அழித்தாள். 'சொல்லாட்டி' போயிற்று. 'வெறும்' போயிற்று. பிறகு முன்னால் வந்து 'சரின்னு சொன்னா'வையும் அழித்தாள்.

மூன்றாவது வரியில் இரண்டே பெயர்கள் மிஞ்சின.

நிமிர்ந்து பார்த்தாள். மழை பெய்து ஓய்ந்த ஏரி மாதிரி, விளிம்புவரை நிறைந்த கண்கள்.

"கேக்காம எதையும் போடறதில்லீங்க," என்றாள். "இப்படிப் போட்டுக்கலாங்களா?"

"போட்டுக்கங்க," என்றான். "அழிக்க மட்டும் கேக்காதீங்க."